ஹைபிரிட் பிக்கப்: விளம்பர மைலேஜும் கைக்கு வரும் மைலேஜும்

கேள்வி: "ஓஹையோவில் கொலம்பஸ் பக்கம் இருக்கிறோம். வேலைக்குப் போக வர தினம் 40 மைல், பெரும்பகுதி ஐ-270 ஹைவேயில். வீட்டு வேலை, தோட்டம், மரச்சாமான் என்று அவ்வப்போது தேவைப்படுவதால் ஒரு சின்ன பிக்கப் வாங்கலாம் என்று இருக்கிறேன். பெட்ரோல் என்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்த ஃபோர்டு மேவரிக் ஹைபிரிட் 37 எம்பிஜி, அதாவது கேலனுக்கு 37 மைல், தரும் என்கிறார்கள். வைத்திருப்பவர்களைக் கேட்டால் ஒருவர் 45 என்கிறார், இன்னொருவர் 30கூட வரவில்லை என்கிறார். எதை நம்புவது? ஹைபிரிட்டுக்கென்று கூடுதல் காசு கொடுப்பது தகுமா?"

இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்லியிருப்பார்கள். ஜூன் மாதத்தில் ஊருக்குள்ளேயே சிக்னல் சிக்னலாக நின்று போகிறவருக்கு 45 வரும். அதே வண்டியை ஜனவரியில் 78 மைல் வேகத்தில் ஹைவேயில் விடுகிறவருக்கு 30 வந்தால் பெரிது. நான் மிச்சிகனில் இருக்கிறேன், மேவரிக் ஹைபிரிட்தான் ஓட்டுகிறேன். இரண்டு எண்ணையும் என் வண்டியிலேயே பார்த்திருக்கிறேன். ஆகவே வண்டி எவ்வளவு தரும் என்று கேட்பதைவிட, உங்கள் சாலையில், உங்கள் வேகத்தில், உங்கள் குளிரில் எவ்வளவு தரும் என்று கேட்பதுதான் சரி. அதை ஓரளவு முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம்.

முதலில் புது வண்டியின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் மைலேஜ் ஸ்டிக்கரில் இருப்பது. 2022இல் வந்த முன்சக்கர இயக்க மேவரிக் ஹைபிரிட்டுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, அதாவது ஈபிஏ, கொடுத்த எண் நகரில் 42, ஹைவேயில் 33, இரண்டும் கலந்து 37. நம் ஊர்க் கணக்கில் லிட்டருக்கு ஏறத்தாழ 18, 14, 15.7 கிலோமீட்டர். 2025 மாடலில் ஹைவே எண் 35 ஆகி, கலப்பு எண் 38 ஆனது. அந்த வருடம்தான் ஹைபிரிட்டில் நான்கு சக்கர இயக்கமும் வந்தது. அதற்கு 40, 34, 37. இதே வண்டி 2 லிட்டர் டர்போ என்ஜினோடும் வருகிறது. 2022இன் முன்சக்கர டர்போவுக்கு நகரில் 23, ஹைவேயில் 30, கலந்து 26.

இந்த இரண்டு வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாதாரண வண்டியில் நகர எண் குறைவாகவும் ஹைவே எண் கூடுதலாகவும் இருக்கும். ஹைபிரிட்டில் அது தலைகீழ். நகரில் 42க்கு 23, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஹைவேயில் 33க்கு 30, வித்தியாசம் வெறும் மூன்று. வாங்குகிற பலர் 37 என்ற நடு எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொள்கிறார்கள், பிறகு ஏமாந்துவிட்டதாக வருந்துகிறார்கள். எல்லா விஷயமும் அந்த இரண்டு ஓர எண்களில்தான் இருக்கிறது.

ஏன் இப்படி? இந்த வகை ஹைபிரிட்டுக்கு மாயமாக எங்கிருந்தும் சக்தி வருவதில்லை, சார்ஜில் போடுவதும் கிடையாது. ஓடுவது முழுக்கப் பெட்ரோலில்தான். மற்ற வண்டிகள் வீணாக்குவதை இது கொஞ்சம் காப்பாற்றுகிறது, அவ்வளவே. சிக்னலில் நிற்கும்போது என்ஜின் அணைந்துவிடும். பிரேக் போடும்போது வேகத்தின் ஆற்றல் பிரேக் பேடைச் சூடாக்கி வீணாகாமல், மோட்டார் வழியாகப் பேட்டரிக்குப் போகும். மெதுவாக ஊரும்போது மோட்டாரே இழுத்துவிடும். இதெல்லாம் நின்று நின்று போகிற சாலையில் மட்டும் கிடைக்கிற லாபம். ஒரே வேகத்தில் ஹைவேயில் போகும்போது பிரேக்கும் இல்லை, நிற்பதும் இல்லை. சேமிக்க எதுவும் இல்லை.

அப்படியானால் ஹைவேயில் அந்த மூன்று எம்பிஜியாவது எப்படி வருகிறது? பெரும்பங்கு என்ஜினால். மேவரிக் ஹைபிரிட்டில் இருப்பது டர்போ இல்லாத 2.5 லிட்டர் அட்கின்சன் சுழற்சி என்ஜின். உள்ளிழுக்கும் வால்வை வழக்கத்தைவிடத் தாமதமாக மூடுவதால், எரிந்து விரியும் வாயுவிலிருந்து கூடுதல் வேலையை வாங்கிக்கொள்ளும். சிக்கனம் நன்றாக இருக்கும், ஆனால் இழுவை மந்தம். தனியாக இந்த என்ஜினைப் பிக்கப்பில் வைத்தால் ஒருவரும் வாங்க மாட்டார்கள். மோட்டார் பக்கத்தில் நின்று தள்ளிவிடுவதால், இரண்டும் சேர்ந்து 191 குதிரைத்திறன் வருகிறது.

பேட்டரி எவ்வளவு பெரிது என்று தெரிந்தால் இன்னும் தெளிவாகும். 1.1 கிலோவாட் மணி. வண்டியின் எடை ஓட்டுநரோடு சேர்த்து ஏறத்தாழ 1,700 கிலோ. 60 மைல் வேகத்திலிருந்து அது நிற்கும்போது விடுகிற ஆற்றல் 0.17 கிலோவாட் மணி. அதை இந்தப் பேட்டரி சுலபமாக வாங்கிக்கொள்ளும். ஆனால் 300 மீட்டர் இறக்கம் ஒன்று வந்தால் கணக்குப்படி 1.4 கிலோவாட் மணி கிடைக்கும், பேட்டரியில் இடம் இருக்காது. கொலராடோவில் ஐ-70இல் 11,000 அடிக்கு மேல் இருக்கிற ஐசன்ஹோவர் சுரங்கத்திலிருந்து டென்வர் பக்கம் இறங்குபவர்கள் இதை நேரில் பார்க்கலாம். முதல் சில மைல்களிலேயே பேட்டரி நிறைந்துவிடும். அதற்குப் பிறகு என்ஜின் பெட்ரோல் குடிக்காமல் வெறுமனே உறுமிக்கொண்டு வண்டியைப் பிடித்து நிறுத்தும். புதிதாக வாங்கியவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பயந்துவிடுவார்கள். கோளாறு எதுவும் இல்லை. ஆனால் ஏறும்போது செலவழித்ததில் பெரும்பகுதி திரும்பி வராது என்பதும் உண்மை. மேவரிக்கின் பேட்டரி சிக்னலுக்காகச் செய்தது, மலைக்காக அல்ல.

இப்போது பணக் கணக்கு. வருடம் 12,000 மைல், பெட்ரோல் கேலன் 3.25 டாலர் என்று வைத்துக்கொள்வோம். முழுக்க நகரில் ஓட்டுகிறவர் ஹைபிரிட்டில் 286 கேலன் போடுவார், டர்போவில் 522. மிச்சம் 236 கேலன், சுமார் 767 டாலர். முழுக்க ஹைவேயில் ஓட்டுகிறவருக்கு 364க்கு 400. மிச்சம் 36 கேலன், 118 டாலர்தான். ஒரே வண்டி, ஒரே விலை, ஒரே மைல். லாபம் ஆறரை மடங்கு வித்தியாசப்படுகிறது. 2024 மாடலில் ஃபோர்டு டர்போவை அடிப்படையாக்கி, ஹைபிரிட்டுக்கு 1,500 டாலர் கூடுதல் வைத்தது. அந்தப் பணம் நகரக்காரருக்கு இரண்டே வருடத்தில் திரும்பிவிடும். ஹைவேக்காரருக்குப் பன்னிரண்டு வருடம் தாண்டும். அதற்குள் வண்டியே கை மாறியிருக்கும். 2022இல் நிலைமை வேறு. அப்போது ஹைபிரிட்தான் அடிப்படை என்ஜின், தொடக்க விலையே 20,000 டாலருக்குக் கீழ், டர்போ வேண்டுமானால்தான் கூடுதல். அந்த வருடம் வாங்கியவர்களுக்கு இந்தக் கணக்கே தேவைப்படவில்லை.

அடுத்து வேகம். ஈபிஏவின் அடிப்படை ஹைவே சோதனையில் சராசரி வேகம் 48 மைல்தான், உச்சம் 60. இன்று யார் ஹைவேயில் 48இல் போகிறார்கள்? அதைச் சரிக்கட்டத்தான் 2008 மாடல்களிலிருந்து 80 மைல் வரை போகிற வேகச் சோதனை, 95 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில் ஏசி சோதனை, 20 டிகிரி குளிர்ச் சோதனை மூன்றையும் கணக்கில் சேர்த்து ஸ்டிக்கர் எண்ணைக் குறைத்தார்கள். அதனால் இப்போதைய ஸ்டிக்கர் எண் பழைய காலத்தைவிட நிஜத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனாலும் 75க்கு மேல் தொடர்ந்து ஓட்டுகிறவருக்கு அது எட்டாது.

காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 60இலிருந்து 75க்குப் போனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது, காற்றுத் தடையோ ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது. பிக்கப் என்பது உயரமான மூக்கும் செங்குத்தான முதுகும் கொண்ட வடிவம். காரைவிட இது இந்த விஷயத்தில் அதிகம் அடிபடும். வெயில் காலத்தில் காற்றில்லாத நாளில் என் அனுபவம் தோராயமாக இப்படி: 60 மைலில் 40ஐத் தொடும், 65இல் 37 அல்லது 38, 70இல் 34, 75இல் 31 பக்கம். 80க்கு மேல் போனால் முப்பதுக்குக் கீழ். எதிர்க்காற்று இருந்தால் அதையும் வேகத்தோடு கூட்டிக்கொள்ளுங்கள். 65இல் போகும்போது எதிரே 15 மைல் காற்று அடித்தால், காற்றைப் பொறுத்தவரை நீங்கள் 80இல் போகிறீர்கள். ஓஹையோ, இந்தியானா சமவெளிகளில் மேற்கு நோக்கி ஓட்டும்போது மைலேஜ் அடிவாங்குவதற்கு இதுதான் காரணம். திரும்பி வரும்போது கொஞ்சம் ஈடுகட்டும்.

குளிரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வடக்கு மாநிலங்களில் புகார்களில் பாதி இங்கிருந்துதான் கிளம்புகிறது. அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லும் கணக்குப்படி, 77 டிகிரி ஃபாரன்ஹீட்டிலிருந்து 20 டிகிரிக்கு, அதாவது மைனஸ் 7 செல்சியஸுக்கு இறங்கினால் சாதாரண வண்டியின் நகர மைலேஜ் 15 சதவீதம் குறையும். ஹைபிரிட்டுக்கு அது 30 சதவீதத்தையும் தாண்டிவிடும். பலர் பேட்டரி குளிரில் கெட்டுவிட்டது என்று நினைக்கிறார்கள். பேட்டரியும் ஒரு காரணம்தான். குளிர்ந்த பேட்டரி பிரேக்கிலிருந்து வரும் கரண்டை முழுதாக வாங்கிக்கொள்ளாது. ஆனால் பெரிய காரணம் ஹீட்டர். ஹைபிரிட்டின் லாபமே என்ஜினை அணைத்துவைப்பதில் இருக்கிறது. கேபினுக்கு வேண்டிய சூடோ ஓடும் என்ஜினின் கூலண்டிலிருந்து, அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவத்திலிருந்து, வருகிறது. நீங்கள் 75 டிகிரி வேண்டும் என்று திருகிவைத்தால், சிக்னலில் நின்றாலும் என்ஜின் ஓடித்தான் ஆக வேண்டும்.

ஜனவரிக் காலை ஒன்றைப் பாருங்கள். வண்டி இரவு முழுக்க வெளியில் நின்றிருக்கிறது. ஸ்டார்ட் செய்ததும் என்ஜின் உடனே எழுந்துகொள்கிறது. வெயில் காலத்தில் தெருமுனை வரை சத்தமில்லாமல் மோட்டாரில் நழுவிப்போகும் அதே வண்டி இப்போது என்ஜினை விடுவதில்லை. முதல் ஐந்து மைலுக்குத் திரையில் 20, 22 என்று காட்டும். பத்து மைல் தாண்டிக் கூலண்ட் சூடானதும்தான் சிக்னலில் முதல் தடவை என்ஜின் அணையும், எண் மெல்ல ஏறத் தொடங்கும். பிள்ளையைப் பள்ளியில் விடவும் பால் வாங்கவும் இரண்டு இரண்டு மைலாக ஓட்டுகிறவருக்கு அந்தப் பத்தாவது மைல் வருவதேயில்லை. இதற்கு நடுவில் ரிமோட் ஸ்டார்ட் போட்டுப் பத்து நிமிடம் வண்டியைச் சூடாக்கினால், நகராத வண்டிக்கு மைலேஜ் பூஜ்யம். அதையும் சராசரியில் சேர்த்துக்கொள்ளுங்கள். குளிர்காலப் பெட்ரோல் கலவையிலும் ஆற்றல் கொஞ்சம் குறைவு, டயரில் காற்றும் இறங்கும், பனியில் உருளும் தடை கூடும். எல்லாம் சேர்ந்து, வெயில் காலத்தில் 42 தருகிற அதே வழித்தடம் குளிரில் 31, 32 ஆகிவிடுகிறது.

செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. சீட் ஹீட்டரும் ஸ்டியரிங் ஹீட்டரும் இருந்தால் அவற்றைப் போட்டுக்கொண்டு கேபின் சூட்டை 66, 67இல் வையுங்கள். கண்ணாடிக்கு டீஃப்ராஸ்ட் வேண்டிய நேரம் மட்டும் போட்டு அணையுங்கள். கராஜ் இருந்தால் உள்ளே நிறுத்துங்கள். நாலு வேலையை ஒரே சுற்றில் முடியுங்கள். இதற்காக வீட்டில் எல்லோரும் கோட்டுக்குள் நடுங்கிக்கொண்டு போக வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்; ஒரு கேலன் மூன்று டாலர்தான், வீட்டு நிம்மதிக்கு அதைவிட மதிப்பு உண்டு.

வெயில் காலத்து ஏசி அவ்வளவு வலிக்காது. கம்ப்ரஸர் மின்சாரத்தில் ஓடுவதால் சிக்னலில் என்ஜின் இல்லாமலே குளிர் வரும். பேட்டரி இறங்கினால் என்ஜின் எழுந்து நிரப்பிவிட்டு மறுபடி அணையும். கொளுத்தும் வெயிலில் நின்ற வண்டியின் முதல் பத்து நிமிடம்தான் அதிகம் குடிக்கும்.

டயர் பற்றிப் பலர் யோசிப்பதில்லை. முன்சக்கர ஹைபிரிட்டில் கம்பெனி போட்டுத் தருவது உருளும் தடை குறைந்த டயர். தோற்றத்துக்காக அதைக் கழற்றிவிட்டுக் கரடுமுரடான பாதைக்கான, கட்டைப் பூ போட்ட ஆல்-டெரெய்ன் டயர் மாட்டி, வண்டியை இரண்டு அங்குலம் தூக்கியும் விட்டால், இரண்டு மூன்று எம்பிஜியை நீங்களே கொடுத்துவிட்டீர்கள். அப்புறம் ஸ்டிக்கரைத் திட்டிப் பயனில்லை. பின் கதவை, அதாவது டெயில்கேட்டை, இறக்கிவிட்டு ஓட்டினால் காற்று சுலபமாகப் போகும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். கதவு மூடிய பெட்டுக்குள், அதாவது பின்னால் சாமான் ஏற்றும் தொட்டிக்குள், காற்று ஒரு சுழலாக நின்றுகொண்டு, மேலே வரும் காற்றை வழுக்கிப்போக விடுகிறது. கதவை இறக்கினால் அந்தச் சுழல் உடையும், லாபம் கிடைக்காது. பெட்டுக்கு மேல் போடும் மூடி ஹைவேயில் சிறிதளவு உதவும். அதன் விலையைப் பெட்ரோலில் எடுப்பதற்குள் வயதாகிவிடும். மழைக்கும் திருட்டுக்கும் வேண்டுமென்றால் தாராளமாகப் போடுங்கள்.

சுமை விஷயத்தில் ஆளுக்கு ஒரு பயம். மேவரிக்கின் பெட்டிலும் உள்ளேயும் சேர்த்து 1,500 பவுண்டு வரை ஏற்றலாம், நீங்களும் பயணிகளும் அதில் அடக்கம். பத்துப் பதினைந்து மண் மூட்டைகளைப் பெட்டுக்குள் ஏற்றினால் ஹைவே மைலேஜ் பெரிதாக இறங்காது. காற்றுக்கு அந்தச் சுமை தெரியாது. நகரில் கிளப்பும்போது கூடுதலாகக் குடிக்கும், அதில் ஒரு பகுதி பிரேக்கில் திரும்பக் கிடைக்கும். ஆனால் சோபாவை நெட்டுக்குத்தாக நிறுத்திக் கட்டினீர்கள் என்றால் கதை மாறும், எடை குறைவாக இருந்தாலும் அது காற்றில் நிற்கிற சுவர். டிரெய்லரும் அப்படித்தான். தாழ்வான தட்டு டிரெய்லரில் அரை டன் கல் ஏற்றிப் போனால் ஆகும் செலவைவிட, உயரமான காலிப் பெட்டி டிரெய்லரை 70இல் இழுத்தால் செலவு கூடுதலாக இருக்கலாம். அப்படி இழுக்கும்போது மைலேஜ் பாதியாகும் என்று எடுத்துக்கொள்ளுங்கள், ஆச்சரியப்பட மாட்டீர்கள். 2022 முதல் 2024 வரையான ஹைபிரிட்டில் இழுக்கும் வரம்பு 2,000 பவுண்டுதான். 2025இல் நான்கு சக்கர ஹைபிரிட்டுக்கு 4,000 பவுண்டு டோயிங் பேக்கேஜ் வந்துவிட்டது. மாதம் இரண்டு தடவை படகு இழுக்கிற ஆளாக இருந்தால் பழைய ஹைபிரிட் உங்களுக்கானது அல்ல.

பெரிய பிக்கப் ஹைபிரிட்டுகளையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "ஹைபிரிட்" என்ற பட்டையைப் பார்த்ததும் எல்லாம் மேவரிக் மாதிரிதான் என்று எண்ணத் தோன்றும். 2021இல் வந்த ஃபோர்டு எஃப்-150 பவர்பூஸ்டில் 3.5 லிட்டர் டர்போ வி6 என்ஜினும், 47 குதிரைத்திறன் மோட்டாரும், 1.5 கிலோவாட் மணி பேட்டரியும் இருக்கின்றன. மொத்தம் 430 குதிரைத்திறன். இருசக்கர இயக்கத்தில் நகரில் 25, ஹைவேயில் 26. நான்கு சக்கரத்தில் எல்லாமே 24. டொயோட்டா டண்ட்ராவின் ஐ-ஃபோர்ஸ் மேக்ஸ் 437 குதிரைத்திறன், இருசக்கர இயக்கத்தில் நகரில் 20, ஹைவேயில் 24, கலந்து 22. ஹைபிரிட் இல்லாத டண்ட்ராவின் கலப்பு எண்ணே 20. டண்ட்ராவில் மோட்டார் இருப்பது இழுவைக்கு. சிக்கனம் அதோடு வரும் இலவச இணைப்பு. அதை அப்படியே தெரிந்து வாங்கினால் குறையில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 2009இல் தன் சில்வராடோ பிக்கப்பில் 6 லிட்டர் வி8இன் மீது இரட்டை மோட்டார் ஹைபிரிட் அமைப்பை வைத்துப் பார்த்தது. நகர மைலேஜ் உண்மையிலேயே ஏறியது, விலையும் சேர்ந்து ஏறியது. வாங்க ஆளில்லாமல் 2013 மாடலோடு நிறுத்திவிட்டார்கள்.

எஃப்-150 ஹைபிரிட்டில் இன்னொன்று உண்டு. பெட்டில் 7.2 கிலோவாட் வரை மின்சாரம் தரும் ஜெனரேட்டர் வசதி. 2021 பிப்ரவரியில் டெக்சஸ் பனியில் உறைந்து கரண்ட் போனபோது, சிலர் வீட்டு ஹீட்டரையும் ஃப்ரிட்ஜையும் இந்த ட்ரக்கை வைத்து ஓட்டினார்கள். வேலைத்தளத்தில் தச்சர்கள் நாள் முழுக்க ரம்பம் ஓட்டுகிறார்கள். அதற்கு ஆகும் பெட்ரோலும் அதே டேங்கிலிருந்துதான் போகும், சராசரி மைலேஜையும் இழுத்துவிடும். அப்படி ஒரு ஆள் "எனக்கு 17தான் வருகிறது" என்று சொன்னால், தனி ஜெனரேட்டருக்கு ஊற்ற வேண்டியதையும் சேர்த்துத்தான் அந்த 17 என்று புரிந்துகொள்ளுங்கள்.

எம்பிஜி என்ற அளவே கொஞ்சம் கண்ணைக் கட்டும். டியூக் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் இருவரும் 2008இல் இதை எடுத்துக்காட்டினார்கள். எம்பிஜி எண் எவ்வளவு கூடுகிறதோ அதே அளவில் பெட்ரோலும் மிச்சமாகும் என்று மக்கள் நினைத்துக்கொள்கிறார்கள், அது தவறு என்று. 25இலிருந்து 37க்குப் போவது பெரிய தாவல் மாதிரி தெரிகிறது: பன்னிரண்டு எண். நூறு மைலுக்கு மிச்சமாவது 1.3 கேலன். பழைய 14 எம்பிஜி வி8 ட்ரக்கை விட்டு 20 தருகிற ட்ரக்குக்கு மாறினால் ஆறு எண்தான், ஆனால் நூறு மைலுக்கு 2.1 கேலன் மிச்சம். அதனால்தான் 2013 மாடலிலிருந்து ஸ்டிக்கரில் நூறு மைலுக்கு எத்தனை கேலன் என்றும் போடுகிறார்கள். எம்பிஜிக்குக் கீழே சின்னதாக இருக்கும், யாரும் பார்ப்பதில்லை. வண்டிகளை ஒப்பிடும்போது அந்த எண்ணை வைத்து ஒப்பிடுங்கள். பெரிய ட்ரக் உண்மையிலேயே தேவைப்படுகிறவருக்கு, 20இலிருந்து 24க்குப் போகிற எஃப்-150 ஹைபிரிட் 12,000 மைலுக்கு 100 கேலன் மிச்சம் செய்யும். அற்பமாகத் தெரிகிற நாலு எண்ணுக்கு அது நல்ல தொகை.

ஓட்டும் முறை என்று பெரிய வித்தை எதுவும் இல்லை. ஹைபிரிட்டில் காசு பிரேக்கில்தான் இருக்கிறது. சிவப்பு விளக்கு தூரத்தில் தெரியும்போதே காலை எடுத்துவிட்டு, பிரேக்கை லேசாக, நீளமாக அழுத்துங்கள். கடைசி நொடியில் அழுத்தி மிதித்தால் மோட்டாரால் அவ்வளவையும் வாங்க முடியாது. மிச்சம் பிரேக் பேடில் சூடாகப் போய்விடும். ஒவ்வொரு தடவை நின்றதும் திரையில் பிரேக் கோச் ஒரு சதவீதத்தைக் காட்டும். 100 வந்தால் பேடு தொடாமல் நிறுத்திவிட்டீர்கள் என்று பொருள். அதற்காக ஆற்றல் முழுக்கத் திரும்பிவந்துவிட்டது என்று மகிழ வேண்டாம். மோட்டாருக்கும் பேட்டரிக்கும் நடுவில் போக வர ஒரு பங்கு கழியத்தான் செய்யும். நூறு வர வேண்டும் என்று பின்னால் வருகிறவரைக் கடுப்பேற்றும் அளவுக்கு ஊர்ந்துபோகிற ஆட்களையும் பார்த்திருக்கிறேன். கிளம்பும்போது தயங்கித் தயங்கி மோட்டாரிலேயே ஏற முயல்வதும் வீண். தைரியமாக மிதித்து வேகம் பிடித்துவிட்டு, பிறகு காலைத் தளர்த்தினால் என்ஜின் சீக்கிரம் அணையும்.

வாங்கிய பிறகு அளந்து பார்க்க நினைத்தால், டாஷ்போர்டு எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலும் ஒன்றிரண்டு எம்பிஜி கூட்டித்தான் காட்டும். டேங்க் நிரப்பி, மைல் குறித்து, அடுத்த தடவை போட்ட கேலனால் வகுங்கள். ஒரு டேங்கை வைத்து முடிவுக்கு வராதீர்கள். மேவரிக் ஹைபிரிட்டின் டேங்க் 13.8 கேலன். பம்ப் ஒரு தடவை அரை கேலன் முன்னாலேயே நின்றுவிட்டால், அந்த ஒரு டேங்குக்கு 4 சதவீதம் பொய்யாக ஏறிவிடும், அடுத்ததில் அதே அளவு இறங்கும். "நேற்று எனக்கு 52 வந்தது" என்பவர்களில் பாதிப் பேர் இந்த வகை. நான்கைந்து டேங்கைச் சேர்த்துக் கூட்டி வகுத்தால் உண்மை தெரிந்துவிடும்.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். வேலை நாட்களில் வருடத்துக்கு 9,600 மைல் ஹைவே, வார இறுதியில் ஊருக்குள் 2,500 மைல் என்று வைத்துக்கொள்கிறேன். ஸ்டிக்கர் எண்படி, ஹைவே மைல்களில் ஹைபிரிட் 291 கேலன், டர்போ 320. மிச்சம் 29 கேலன். ஊருக்குள் 60க்கு 109, மிச்சம் 49. கவனித்தீர்களா? நாலு மடங்கு தூரம் ஓடுகிற ஹைவேயைவிட, ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய் வருகிற ஓட்டம்தான் உங்களுக்கு அதிகம் மிச்சப்படுத்துகிறது. மொத்தம் 78 கேலன், வருடம் 250 டாலர் சொச்சம். 1,500 டாலர் கூடுதலாகக் கொடுத்தால் ஆறு வருடம் ஆகும். ஆனால் ஐ-270இல் நீங்கள் போகிற நேரம் முக்கியம். காலை எட்டு மணி நெரிசலில் நின்று நின்று நகர்கிற பாதை என்றால், பெயர்தான் ஹைவே, கணக்கு நகரக் கணக்கு. லாபம் சட்டென்று இரட்டிப்பாகிவிடும். ஆறு மணிக்கே கிளம்பிக் காலியான சாலையில் 75இல் பறக்கிறவராக இருந்தால், குளிர்காலத்தையும் சேர்த்து வருடச் சராசரி 32, 33 என்று எதிர்பாருங்கள். 37 வராது. நெரிசல் நேரக்காரராக இருந்தால் 36, 37 தாராளமாக வரும்.

என் யோசனை, புதிதாக வாங்குவதானால் ஹைபிரிட்டையே எடுங்கள். 2025இல் ஃபோர்டு மறுபடியும் ஹைபிரிட்டை அடிப்படை என்ஜினாக்கிவிட்டதால், அதற்கென்று தனியாகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. தொடக்க விலை 26,000 டாலரைத் தாண்டிவிட்டது என்பது வேறு விஷயம், அது இரண்டு என்ஜினுக்கும் பொதுவான வலி. நான்கு சக்கர இயக்கத்துக்கு மைலேஜில் ஒரு எம்பிஜிதான் விலை. கொலம்பஸ் பனிக்கு அது தேவையா, நல்ல விண்டர் டயர் போதுமா என்று யோசியுங்கள். என் ஊரில் முன்சக்கர வண்டிக்கு விண்டர் டயர் போட்டுச் சமாளிக்க முடிகிறது, உங்கள் ஊரில் பனி இன்னும் குறைவு. பழைய வண்டி பார்ப்பதானால், ஹைபிரிட் பாகங்களுக்கு 8 வருடம் அல்லது 1,00,000 மைல் உத்தரவாதம் உண்டு. 2022 மாடலில் அது எவ்வளவு பாக்கி இருக்கிறது என்று பாருங்கள். விற்பவரிடம் ட்ரிப் மீட்டர் இரண்டையும் காட்டச் சொல்லுங்கள். ஒன்றையாவது பல ஆயிரம் மைலாக அழிக்காமல் வைத்திருந்தால், அந்தச் சராசரி அந்த வண்டி எப்படிப்பட்ட சாலையில், எப்படிப்பட்ட காலின் கீழ் ஓடியது என்று சொல்லிவிடும். டயரையும் குனிந்து பாருங்கள். ஆல்-டெரெய்ன் மாட்டியிருந்தால் நல்ல டயர் மாற்றும் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள்.